பென் டிரைவுக்குக் கட்டிய வேப்பிலை

வாங்கம்மா, வாங்கய்யா. வெயிலில் நிற்காமல் இப்படி ஃபேனுக்குக் கீழே கிட்ட வந்து உட்காருங்கள். தண்ணீர் குடித்தீர்களா? சரி. ஆனையூரில் ஒரு வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வைரஸ் என்கிற பூச்சி பிடித்த கதையைச் சொல்கிறேன். கேட்டு முடித்த பிறகும் உங்களுக்குச் சிரிப்பு வரவில்லையென்றால் காப்பி போட்டுத் தருகிறேன். வந்தாலும் போட்டுத் தருகிறேன்.

“இங்க வந்து பாருங்க, என் ஃபோல்டரைக் காணோம்!”

சரண்யாதேவி போட்ட சத்தத்தில், குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் சிவபாண்டி துண்டோடு ஓடி வந்தான்.

ஃபோல்டர் இருந்த இடத்தில் ஃபோல்டர் மாதிரியே ஒன்று இருந்தது. ஆனால் அதன் மூலையில் கொசு உட்கார்ந்தது போல ஒரு சின்ன அம்புக்குறி. அழுத்தினால் அது திறக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு தலைமுடி எண்ணெய் விளம்பரம் திறந்தது.

“முடி கொட்டுதான்னு கேக்குது” என்றான் சிவபாண்டி.

“இதப் பாத்தா கொட்டத்தான் செய்யும். என்னத்தச் சொருகுனீக இதுல?”

“நானா? ஊருபூராம் வந்து சொருகிட்டுப் போகுது. என்னையக் கேக்குற?”

அதில் உண்மை இருந்தது. அந்தத் தெருவில் கம்ப்யூட்டர் பல வீட்டில் உண்டு, பிரிண்டரும் சேர்ந்து இருக்கிற வீடு அது. எதிர்வீட்டு முத்திருளனிடமும் இரண்டும் உண்டு. ஆனால் அவன் அதில் பிளெக்ஸ் போர்டு டிசைன் செய்து பிழைக்கிறவன். தொழில் செய்கிற பெட்டி என்பதால், உரிமையாகப் போகிற சிவபாண்டியைத் தவிர வேறு யாரும் அதில் கை வைக்க மாட்டார்கள். ஆகவே ஹால் டிக்கெட், கரண்டு பில், காதுகுத்துப் பத்திரிகை, செத்தவர் படம் எல்லாம் சிவபாண்டி வீட்டுக்குத்தான் வரும். கோச்சடையில் ஒரு டைல்ஸ் கடையில் கணக்குப் பார்க்கிற அவனுக்கு, யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாது.

அவனிடமும் ஒரு பென் டிரைவ் உண்டு. அவர்களுடைய கல்யாணப் படம், குலசாமி கோயில் களரித் திருவிழாப் படம், ஜாதகப் பொருத்தம் பார்க்க எங்கிருந்தோ இலவசமாக இறக்கிய ஒரு புரோகிராம் என்று எல்லாவற்றையும் அதில் போட்டு, பீரோ சாவியோடு சேர்த்து அரைஞாண் கயிற்றில் கட்டியிருப்பான். போகிற வீட்டில் களரிப் படம் காட்டாமல் வரமாட்டான். அதை அவிழ்க்க அவன் சுவர்ப் பக்கம் திரும்பும்போதெல்லாம் வீட்டுக்காரர்கள் மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்கள்.

“திங்கக்கிழம மெட்ராஸ்லருந்து செக் பண்ணுவாங்க. ஞாபகம் இருக்கா இல்லையா?” என்றாள் சரண்யா.

இருக்காமல் என்ன? அது அவளுடைய முதல் வேலை. பி.காம் முடித்து, டைப்ரைட்டிங்கில் ஹையரும் முடித்து, கல்யாணத்துக்குப் பிறகு அந்த விரல்களால் வெங்காயம் மட்டுமே உரித்துக்கொண்டிருந்தவள். டாக்டர்கள் வாயால் சொல்லிப் பதிந்து வைப்பதைக் காதில் கேட்டு வீட்டிலிருந்தே டைப் அடித்துக் கொடுக்கிற வேலை. தேர்வில் தேறிவிட்டாள். நோயாளிகளின் சங்கதி வெளியே போய்விடக் கூடாதென்று கம்பெனிக்காரர்கள் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். திங்கட்கிழமை காலையில் அங்கிருந்தே இவள் பெட்டிக்குள் புகுந்து பார்ப்பார்கள். பூச்சி எதுவும் இருந்தால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும். வேலைக்கு என்றே பிள்ளைகள் இருவரையும் லீவுக்கு அம்மாச்சி வீட்டுக்கு அனுப்பியிருந்தாள்.

“நீ கவலப்படாத. நான் பாத்துக்கிறேன்” என்றான் சிவபாண்டி.

சரண்யாவின் கவலை அங்கேதான் ஆரம்பித்தது.

அவன் உட்கார்ந்து தேடினான். எண்ணெய் விளம்பரத்துக்குப் பக்கத்திலேயே பச்சை நிறத்தில் ஒரு பெரிய பட்டன், உங்கள் கம்ப்யூட்டரை இலவசமாகச் சுத்தம் செய்கிறோம் என்று கண் சிமிட்டியது.

“இவன் நல்லவனாத் தெரியுறான்” என்று அதை அழுத்தினான்.

திரை முழுக்கச் சிவப்பாகிவிட்டது. ஆம்புலன்ஸ் போல ஒரு சங்கு ஊத ஆரம்பித்தது. நடு நடுவே ஒரு பெண் குரல் இங்கிலீஷில் படபடவென்று எதையோ எச்சரித்தது.

“என்னங்க சொல்றா?”

“டேஞ்சருங்கிறா.”

“அத நானே சொல்லுவேனே!”

எதிர்வீட்டிலிருந்து முத்திருளன் பெண்சாதி முத்துத்தாய் கையில் கரண்டியோடு வாசலுக்கு வந்துவிட்டாள். “என்னண்ணே, கேஸு கசியுதா? பொம்பளப் பிள்ள ஒண்ணு கத்துது?”

“ஒண்ணுமில்ல தாயி, கம்ப்யூட்டரு.”

“கம்ப்யூட்டரா?” என்றாள் முத்துத்தாய். என்னவோ சொல்ல வந்தவள், சரண்யாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, “பத்தரமாப் பாத்துக்கங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் சரண்யாவின் தம்பி காளை வந்தான். செல்போன் கடையில் வேலை பார்ப்பதால் இந்த விஷயங்களில் அவன் வாய்க்கு மதிப்பு உண்டு.

“மாமா, நீங்க போட்ட ஆன்டிவைரஸ் டுபாக்கூர் காவக்காரன். நான் ஒருத்தனப் போட்டுவிடுறேன். ஒரு பய உள்ள வரமாட்டான்.”

போட்டான். அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முதல் காவல்காரன் இரண்டாமவனைத் திருடன் என்று அறிவித்தான். இரண்டாமவன் முதலாமவனைத் திருடன் என்று அறிவித்தான். ஒருவன் மற்றவனைப் பிடித்து அறையில் பூட்ட, அவன் உடைத்துக்கொண்டு வந்து இவனைப் பூட்ட, பெட்டி சூடாகி மூச்சு வாங்கியது. பொறியில் மாட்டிய எலி போல அம்புக்குறி சிக்கிக்கொண்டு நகரவே இல்லை.

“ரெண்டு பேரையும் வெளிய அனுப்புடா!” என்றாள் சரண்யா.

“அனுப்பத்தான்க்கா பாக்குறேன். என்ன காரணத்துக்காக என்னைய அனுப்புறீகன்னு கேள்வி கேக்குறான். பதில் சொன்னாத்தான் போவானாம்.”

மறுநாள் பெட்டியைக் கோரிப்பாளையத்தில் ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். சிவபாண்டி வண்டி ஓட்ட, சரண்யா பின்னால் உட்கார்ந்து, பெட்டியைப் பழைய சேலையில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். தூசி படாமல் மேலே முந்தானையையும் போட்டிருந்தாள். சிக்னலில் பக்கத்தில் நின்ற வண்டிக்காரர் அனுதாபத்தோடு, “பிள்ளைக்கு என்ன தாயி, காய்ச்சலா?” என்று கேட்டார்.

“சூடு இருக்குண்ணே” என்றாள் சரண்யா. பொய் இல்லை.

கடைக்கார பாய் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, “எந்த ஏரியா?” என்று கேட்டார். ஆனையூரில் தெருப் பெயரைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“அட, உங்க தெருவா! வாங்க, வாங்க. அல்லா புண்ணியத்துல உங்க தெருவாலதான் என் வீட்டு அடுப்பு எரியுது. அங்கிட்டிருந்து வாற பெட்டி பூராத்துலயும் இதே பூச்சிதான்.”

“பாத்தியா?” என்று சிவபாண்டி பெண்சாதியைப் பார்த்தான். “ஊருபூராம் பூச்சிய வச்சுக்கிட்டு நம்ம வீட்டுல வந்து சொருகுதுக.”

“அப்புடியும் இருக்கலாம்” என்றார் பாய், ஸ்குரூவைக் கழற்றிக்கொண்டே.

பெட்டியை ஒரேயடியாகத் துடைத்து, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றிக் கொடுத்தார். “கண்ட பென் டிரைவையும் சொருகாதீக. அது ஒண்ணுதான் மருந்து” என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் சிவபாண்டி சுவர்ப் பக்கம் திரும்பி நின்று இடுப்புச் சேமிப்பை அவிழ்த்து, கல்யாணப் படங்களை மறுபடி ஏற்றி, சரண்யா மாலையோடு நாணி நிற்கிற படத்தைத் திரையில் பெரிதாக வைத்தான். அவளுக்கே கொஞ்சம் கோபம் குறைந்தது. அந்த நேரம் பார்த்துக் காளை ஒரு பென் டிரைவோடு வந்தான். கிடாவெட்டுப் பத்திரிகையாம், உடனே பிரிண்ட் வேண்டுமாம். பங்காளிகள் வெளியே வண்டியில் காத்திருந்தார்கள். எப்படி மறுப்பது?

விடிந்ததும் சரண்யா பெட்டியை உயிர்ப்பித்தாள். கல்யாணப் படத்தின் மேல் எண்ணெய் விளம்பரம் விரிந்தது. முடி கொட்டுகிறதா?

“உன் தம்பி!” என்றான் சிவபாண்டி.

“என் தம்பிய ஒண்ணும் சொல்லாதீக. வேண்டாம்னு ஒரு வார்த்த உங்க வாயில வந்துச்சா?”

“மச்சினன் வாசல்ல நிக்கிறான். போடான்னா சொல்ல முடியும்?”

“அவன் மட்டுமா? தெருவுல ஒருத்தரையும் உங்களால சொல்ல முடியாது. நான் பாஸானது இந்த விரலால. வேல போகப் போறது உங்க நல்ல மனசால.” அவள் பெட்டியின் சுவிட்சை நிறுத்தினாள். “எனக்குன்னு இது ஒண்ணுதாங்க” என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

அவள் கத்தியிருந்தால் சிவபாண்டி சமாளித்திருப்பான். கத்தாமல் போனதுதான் அவனைக் குடைந்தது. மறுபடி பெட்டியைச் சேலையில் சுற்றினார்கள், மறுபடி கோரிப்பாளையம் போனார்கள். பாய் எழுந்தே நின்று வரவேற்றார்.

சனிக்கிழமை ராத்திரிதான் பெட்டி சுத்தமாகி வீடு வந்தது. திங்கட்கிழமை காலை வரை அதற்குள் எதுவும் நுழையாமல் காக்க வேண்டும். ஆனால் நடுவில் ஞாயிற்றுக்கிழமை. தெருவே வீட்டில் இருக்கிற நாள். கதவைப் பூட்டினால், உள்ளே இருந்துகொண்டே பூட்டிக்கொண்டான் என்பார்கள். பிரிண்டர் ரிப்பேர் என்றால் பார்த்துச் சரிசெய்து தருகிறேன் என்று ஒருவன் ஸ்குரூ டிரைவரோடு வருவான். மின்சாரம் இல்லை என்றால் எதிர்வீட்டில் ஃபேன் ஓடுவதைக் காட்டுவார்கள்.

ஞாயிறு காலை சரண்யா கோலம் போட வாசலுக்கு வந்தாள். வாசல் கேட்டில் ஒரு பெரிய வேப்பங்குலை தொங்கியது. சிவபாண்டி தெரு மரத்திலிருந்து கிளையோடு ஒடித்து, மஞ்சள் துணி சுற்றிக் கட்டியிருந்தான்.

“அய்யய்யோ, யாருக்குங்க அம்மை?”

“யாருக்கும் இல்ல” என்றான் பெருமையாக. “அம்மை கண்ட வீட்டுக்குள்ள எவனாச்சும் வருவானா? வாசல்லயே செருப்பத் திருப்பிப் போட்டுட்டுப் போயிருவான். நம்ம யாரையும் வராதன்னு சொல்ல வேண்டாம். பகையும் வராது. பென் டிரைவும் வராது.”

சரண்யா வாயைப் பொத்திக்கொண்டாள். “ஆத்தாள வச்சா விளையாடுறீக? சும்மா விடுவாளா?”

“ஒரு நாளுதானே? வேலைக்குப் போற பொம்பளைக்கு ஆத்தா ஒரு ஒத்தாச செய்யக் கூடாதா?”

அவள் குலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கோலம் போட உட்கார்ந்தாள்.

யோசனை பலித்தது. காலையிலேயே ஆதார் அட்டை நகலெடுக்க வந்த ஒருவர் தெருமுனையிலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பினார். ஆனால் நம் தெரு என்ன, வராமலே இருந்துவிடுமா? உள்ளே வரவில்லை, கேட்டுக்கு வந்தது. இளநீர் வந்தது. மோர் வந்தது. முத்துத்தாய் ஒரு தூக்குச்சட்டி நிறையக் கம்மங்கூழை வைத்துவிட்டு, தள்ளி நின்று கேட்டாள்.

“யாருக்குண்ணே முத்துப் போட்டிருக்கு?”

பிள்ளைகள் ஊரில் இல்லை. பெண்டாட்டி பெயரைச் சொன்னால் அவள் கொன்றுவிடுவாள். ஜன்னலுக்குள்ளிருந்து, “எனக்குத்தான் தாயி” என்றான் சிவபாண்டி.

“அப்ப எந்திரிச்சு நிக்கலாமா? போய்ப் படுங்கண்ணே!”

போய்ப் படுத்தான். படுத்தவனை சரண்யா எழுந்திருக்க விடவில்லை.

“ஆத்தா பேரச் சொல்லிக் கட்டியாச்சு. பொய்யா இருந்தாலும் முறையாச் செய்யணும். சட்டையக் கழத்துங்க.” பாயில் வேப்பிலையைப் பரப்பி அதன்மேல் அவனைக் கிடத்தினாள். “அரைஞாணுல என்னத்துக்கு இம்புட்டு இரும்பு? அம்மை போட்ட உடம்புல சாவியும் கொத்துமாவா இருப்பாக?” என்று சாவியையும் பென் டிரைவையும் அவிழ்த்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் தடவி வைத்துவிட்டாள். “கம்ப்யூட்டர்ப் பக்கமும் வரக் கூடாது. கண்ணுக்கு ஆகாது.”

“எனக்கு அம்மையே இல்லடி!”

“அது ஆத்தாளுக்கும் நமக்கும் மட்டும் தெரிஞ்சாப் போதும். மெதுவாப் பேசுங்க.”

அன்று அந்த வீட்டில் தாளிப்புக் கிடையாது, காரம் கிடையாது, கறி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சிவபாண்டி உப்பில்லாத கூழைக் குடித்துவிட்டு மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். அடுத்த அறையில் சரண்யா டைப் அடித்துப் பழகுகிற சத்தம் மட்டும் தகரத்தில் மழை பெய்வது போலக் கேட்டுக்கொண்டிருந்தது. அதைக் கேட்க அவனுக்கு நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் சும்மா கிடந்தால் மனம் சும்மா இருக்காதே. துடைத்து வந்த பெட்டியில் கல்யாணப் படம் இல்லை. இருக்கிற ஒரே பென் டிரைவ் மஞ்சளில் ஊறிக்கொண்டிருக்கிறது. கெட்டுப்போனால்? மத்தியானம் முத்திருளனுக்கு போன் போட்டான்.

“மாப்ள, ஒரு உதவி. காளைகிட்ட என் பென் டிரைவக் குடுத்தனுப்புறேன். அதுல உள்ளத பூராம் உன் பெட்டில ஒரு நகல் ஏத்தி வச்சிரு.”

போனில் முத்திருளன் பெண்சாதியிடம் என்னவோ முணுமுணுப்பது கேட்டது.

“இப்பவேவா மாப்ள?” என்று கேட்டான் முத்திருளன்.

“சாயங்காலம் வருவான். ஏன், வேல இருக்கா?”

“வேல... இருக்கத்தான் செய்யுது. பாப்போம் மாப்ள” என்று வைத்துவிட்டான்.

சிவபாண்டி ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்து ஜன்னல் வழியாக எதிர்வீட்டைப் பார்த்தான்.

முத்திருளன் வீட்டு வாசலில் ஒரு வேப்பங்குலை தொங்கியது.

“சரண்யா! இங்க வா!”

அவள் வந்து பார்த்தாள். டைப் அடித்த விரல்கள் அப்படியே நெஞ்சுக்குப் போயின. “சொன்னேனா இல்லையா? நீங்க சொன்ன பொய்ய ஆத்தா அங்க மெய்யாக்கிட்டா. அந்தப் பிள்ள காலையிலதான் நமக்குக் கூழு கொண்டாந்து வச்சுட்டுப் போச்சு!”

சிவபாண்டிக்கு உண்மையிலேயே உடம்பு சுட்டது. சாமி படத்தின் முன்னால் விழுந்தான். “ஆத்தா, அவுக வீட்டுல யாருக்கும் ஒண்ணும் ஆகக் கூடாது. வாற வருசம் அக்கினிச் சட்டி எடுக்குறேன்.” அந்த நேரம் எங்கிருந்தோ மட்டன் சுக்கா வாசம் மூக்கைத் துளைத்தது. எதிர்வீட்டுப் பக்கமிருந்துதான் வருவது போல இருந்தது. அம்மை கண்ட வீட்டில் கறி வேகுமா? பசி மயக்கம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

அதோடு முடிந்ததா? சாயங்காலம் சரண்யா, நாளைக்கு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க இன்டர்நெட்டைத் திறந்தாள். திறக்கவில்லை. மாடிக்குப் போய்ப் பார்த்தால், தெரு வேப்பமரத்தின் வழியாக வீட்டுக்கு வருகிற நெட் வயர் அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் சிவபாண்டி ஒடித்த கிளையோடு அதுவும் போயிருக்கிறது.

நெட்காரப் பையன் கூப்பிட்டதும் வந்தான். கேட்டைப் பார்த்தான். வண்டியை விட்டு இறங்கவே இல்லை.

“அண்ணே, எங்க வீட்டுல கைப்பிள்ள இருக்கு. அம்மை எறங்கி மூணாந்தண்ணி ஊத்துனதும் ஒரு போன் போடுங்க. வாரேன்.”

“தம்பி, அது வந்து...” என்று ஆரம்பித்த சிவபாண்டி அப்படியே நிறுத்திக்கொண்டான். பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் இளநீரோடு அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்கள்.

பெட்டி சுத்தமாக இருந்தது. காவலும் பலமாக இருந்தது. சென்னைக்காரர்கள் உள்ளே வருகிற வழியைத்தான் காவல்காரன் ஒடித்துவிட்டான். சரண்யா இரவுச் சாப்பாட்டுக்கு மிச்சக் கூழை ஊற்றி வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை அவள் குளித்து, நல்ல சேலை கட்டி, வேலை செய்யாத இன்டர்நெட்டின் முன்னால் போய் உட்கார்ந்தாள். அதைப் பார்த்துச் சிவபாண்டியால் தாங்க முடியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சட்டை இல்லாத உடம்பில் ஒட்டியிருந்த வேப்பிலையோடு வாசலுக்கு வந்தான். எதிர்வீட்டில் ஆத்தா இருக்கிறாள். உள்ளே போகக் கூடாது. நடுத்தெருவில் நின்று கத்தினான்.

“மாப்ள! முத்திருளா!”

முத்திருளன் மொட்டை மாடியில் எட்டிப் பார்த்தான். முதலில் அவன் கண் சிவபாண்டியின் கைகளைப் பார்த்தது. இரண்டும் வெறுங்கை என்று தெரிந்த பிறகுதான் முகத்துக்கு வந்தது. “என்ன மாப்ள, இப்புடி எந்திரிச்சு வந்துட்ட?”

“உன் வைஃபை பாஸ்வேர்டு வேணும் மாப்ள. சரண்யாவுக்கு இன்னக்கித்தான் செக்கிங். எங்க வயரு அறுந்து போச்சு!”

“அம்புட்டுதானா?” முத்திருளன் முகம் தெளிந்துவிட்டது. “கல்யாண நாளுதான் மாப்ள பாஸ்வேர்டு” என்று தேதியையும் வருசத்தையும் சத்தமாகச் சொன்னான்.

வீட்டுக்குள்ளிருந்து சரண்யா, “தப்புன்னு வருதுங்க!” என்று கத்தினாள்.

எதிர்வீட்டு அடுக்களையிலிருந்து முத்துத்தாய் அதைவிடச் சத்தமாகக் கத்தினாள். “அது அவுக பொறந்த நாளு! கட்டுன நாளு தெரியாத மனுசன் பாஸ்வேர்டு சொல்ல வந்துட்டாரு. தங்கச்சி, நான் சொல்றதப் போடு!”

தெரு முழுக்கக் கேட்கும்படி அவள் சொன்னாள். இவள் போட்டாள். திறந்துகொண்டது.

சொன்ன நேரத்துக்குச் சென்னையிலிருந்து ஆள் வந்துவிட்டது. சரண்யா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, அம்புக்குறி தானாக ஒவ்வொரு அறையாகத் திறந்து மூடிக்கொண்டு நடந்தது. சிவபாண்டி நிலைப்படிக்கு அந்தப் பக்கம், கும்பிட்ட கையை இறக்காமல் நின்றான். ஹெட்போனில் என்ன சொன்னார்கள் என்று அவனுக்குக் கேட்கவில்லை. சரண்யா “ஓகே மேடம்... ஓகே மேடம்...” என்று மட்டும் சொன்னாள். பிறகு ஹெட்போனைக் கழற்றி வைத்தாள்.

“என்னடி சொன்னாக?”

“இம்புட்டு சுத்தமா ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர அவுக பாத்ததே இல்லையாம்” என்றாள். அதைச் சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. “நாளைக்கே வேல. நெட்டு மட்டும் சரிபண்ணிக்கிறச் சொன்னாக.”

சிவபாண்டிக்குக் கால் தரையில் இல்லை. “பாத்தியா! ரெண்டு தடவ பாய் துடைச்சும் நிக்காத பூச்சி, ஒரு வேப்பங்குலைக்கு நின்னுச்சா இல்லையா? வெளியாள் பென் டிரைவ உள்ள விடல. அதுதான் சங்கதி!”

“சங்கதியெல்லாம் இருக்கட்டும். எதுத்த வீட்டுக்காரி நமக்கு வழி விட்டிருக்கா. அவ வீட்டுல அம்மை வந்தது நம்மளால. போய் உண்மையச் சொல்லிட்டு வாங்க.” சரண்யா அரிசிமாவில் வெல்லம் பிசைந்து மாவிளக்கு ஏற்றி, தட்டில் வைத்துக் கொடுத்தாள்.

சிவபாண்டி குளித்தான். சட்டை போட்டான். சாமி படத்திலிருந்து சாவியையும் பென் டிரைவையும் எடுத்து, மஞ்சளைத் துடைத்து, இடுப்பில் பழையபடி கட்டிக்கொண்டான். மாவிளக்கு அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு தெருவைக் கடந்தான். முத்துத்தாய் கேட்டுக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

“தாயி, நான் ஒரு பாவம் பண்ணிட்டேன்” என்று வேப்பங்குலைக்கு வெளியே நின்றபடியே ஆரம்பித்தான். “எனக்கு அம்மையே இல்ல. ஊராளுக பென் டிரைவு என் வீட்டுக்குள்ள வந்திரக் கூடாதுன்னு பொய்யாக் கட்டுன குலை அது. ஆத்தாளுக்குப் பொறுக்காம உங்க வீட்டுல எறங்கிட்டா. வாற வருசம் நான் சட்டி எடுக்குறேன். யாருக்கு தாயி? மாப்ளைக்கா, பிள்ளைகளுக்கா?”

முத்துத்தாய் கையில் இருந்த சுக்காச் சட்டியைக் கீழே வைத்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் அவன் இடுப்பைப் பார்த்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்த சிரிப்பில் குழாய்த் தண்ணீர் வாளி நிறைந்து வழிந்தது.

“யாருக்கும் இல்லண்ணே, எங்க பெட்டிக்குப் பூச்சி வர்றது பூராம் உங்க இடுப்புல தொங்குறதுலருந்துதான்னு பாய் சொன்னாரு, வராதீகன்னு உங்ககிட்டச் சொல்ல மனசு வராமத்தான் நாங்களும் வேப்பங்கொல கட்டுனோம்!”

கதை அவ்வளவுதான், என் கண்ணுகளே. உங்கள் வீட்டு வாசலில் வேப்பிலை திருவிழாவுக்கு மட்டுமே தொங்கட்டும். பெட்டியிலும் பிள்ளைகளின் உடம்பிலும் பூச்சி பொட்டு அண்டாமல் இருக்கட்டும். வேலை தேடுகிற கைக்கு வேலையும், கூழ் கொண்டுவந்து வைக்கிற எதிர்வீடும், அடுப்பில் குறையாத வாசமுமாக உங்கள் குடும்பம் நல்லா இருக்கட்டும்.